எந்தக் கீ ஆனாலும்

எடை மேடைக்கு முன்னால் லாரிகள் சிப்காட் சாலை வரைக்கும் நின்றன. எல்லாம் பழைய இரும்பு ஏற்றியவை. உருக்காலைக்குள் போக வேண்டுமானால் மேடையில் ஏறி எடை போட்டுச் சீட்டு வாங்கவேண்டும். சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க் பூட் ஃபெயிலியர்.

அர்ஷத் பொன்னேரியிலிருந்து வந்து அதன் பெட்டியைத் திறந்தான். பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு அடங்கியது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். விண்டோஸ் எக்ஸ்பி சிடியைப் போட்டான். கம்ப்யூட்டர் படித்துவிட்டு சர்வீஸ் கடையில் சேர்ந்த நாளிலிருந்து இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. சீக்கிரம் முடித்துவிட்டு சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் பழவேற்காடு போய்ச் சேரவேண்டும் என்பது ஏற்பாடு.

அவனுடைய ஏற்பாடு அல்ல. மாமியார் மெஹர்னிசாவுடையது.

போன மழைக்காலத்தில் அவன் மனைவி ஜபீன் இறந்துபோனாள். அவள் பெற்ற பாப்பா நடக்கப் பழகியது மாமியார் வீட்டில். தூக்கி வளர்ப்பவள் ஜபீனின் தங்கை ஹஸ்னா. அப்படியென்றால் ஹஸ்னாவையே அர்ஷத்துக்குக் கட்டிவைத்துவிடலாமே என்று யாரோ ஆரம்பித்தார்கள். யாரும் மறுக்கவில்லை. இன்று அஸருக்குப் பிறகு பெரியவர்கள் வந்து உட்கார்ந்து தேதி குறிக்கப்போகிறார்கள். அர்ஷத் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் தரையைப் பார்த்தான்.

நீலத் திரையில் மஞ்சள் பட்டை நகர ஆரம்பித்தது. சிடியிலிருந்து டிஸ்க்குக்குக் கோப்புகள் போகின்றன. போய் முடிந்ததும் பெட்டி தானாக நின்று மறுபடி கிளம்பும். அதற்குப் பிறகு டிஸ்க்கே மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். அதுதான் அவனால் முடியாது. ஆஸ்பத்திரியில் ஜபீனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் ஒரு திரை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து மெதுவாக நகரும் எதற்கு முன்னாலும் அவனுக்கு இருப்புக்கொள்வதில்லை.

எழுந்தான்.

"இன்னா பாய், உக்காரவே மாட்டியா? காலுல சக்கரம் கட்டிக்கினு வந்துகிறியா?" என்றார் பாக்கியராஜ். எடை போடுகிறவர் அவர்தான். பாதி நரைத்த மீசை, கழுத்தில் சிலுவை, எந்த லாரிக்காரனுக்கும் அடங்காத வாய்.

"பாத்துக்கங்க அண்ணே. இதோ வந்துட்டேன்."

வெளியே இரும்புத் தூசி காற்றில் மினுங்கியது. வாயிற்கதவு வரை நடந்தான். திரும்பினான். மறுபடி நடந்தான். தடாவிலிருந்து வந்த லாரியின் ஓட்டுநர் சக்கரத்தில் சாய்ந்தபடி கூப்பிட்டார்.

"இன்னா நைனா, பொட்டி செத்துப்போச்சா? பால் ஊத்திடலாமா?"

ஜன்னல் வழியாகப் பாக்கியராஜின் குரல் வந்தது. "வாயக் கழுவுய்யா. அதான் டாக்டரு வந்துகிறாரு இல்ல?"

"டாக்டரு ரோட்ல இல்ல நடந்துக்கினு கீறாரு!"

அர்ஷத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அறைக்குத் திரும்பினான். திரையில் முதல் பக்கம் நின்றது. நல்வரவு, நிறுவ வேண்டுமானால் என்டரை அழுத்தவும். அவ்வளவு நேரம் ஓடியதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

டிஸ்க்கிலிருந்து கிளம்ப முடியாமல் சிடிக்குத் திரும்பிவந்திருக்கிறது என்று நினைத்தான். கேபிளை மாற்றினான். டிஸ்க்கைத் துடைத்து முதலிலிருந்து தொடங்கினான். மஞ்சள் பட்டை கிளம்பியதும் வெளியே போனான். வந்தபோது மறுபடி நல்வரவு. மூன்றாவது தடவை பட்டை பாதியில் இருக்கும்போதே பொறுக்காமல் பெட்டியை அணைத்தான். சிடியை எடுத்துவிட்டு டிஸ்க்கை மட்டும் வைத்துப் பார்த்தான். கறுப்புத் திரையில் பிழைச் செய்தி. பாதி எழுதிய டிஸ்க் வேறென்ன சொல்லும்? அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கத்தான் அன்றைக்கு மண்டையில் இடமில்லை. சிடியை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. வெளியே நடந்துகொண்டே எடுத்தான்.

"தம்பி, கெளம்பிட்டீங்களா?" மெஹர்னிசாவின் குரலுக்குப் பின்னால் பாத்திரங்கள் உருண்டன.

"வேல முடியல மாமி."

"இன்னிக்குன்னு பாத்து இன்னா வேல? மாமா ஜமாத்துல எல்லாருக்கும் சொல்லிட்டாரு. பிரியாணிக்கு ஆள் வந்து அடுப்பு மூட்டியாச்சு."

"டிஸ்க் ஏத்துக்க மாட்டேங்குது மாமி."

"எது?"

"ஒண்ணுமில்ல. வர்றேன்."

வைத்துவிட்டான். டிஸ்க் கெட்டது என்று சொல்லிவிடலாம். வேறு டிஸ்க் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறலாம். போய் வருவதற்குள் இருட்டிவிடும். அவன் இல்லாமலே தேதி குறிப்பார்கள். குறித்துக்கொள்ளட்டும். டிஸ்க் கெட்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்தது அதுதான் முதல் தடவை. நினைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தவன் உள்ளே பார்த்தான்.

பட்டை முடிந்திருந்தது. பெட்டி மறுபடி கிளம்பிக் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதியது. சிடியிலிருந்து தொடங்க எந்தக் கீயையாவது அழுத்தவும். பாக்கியராஜ் நாற்காலியை முன்னால் இழுத்தார், உதடசைய அதைப் படித்தார், ஒற்றை விரலால் நீளக் கீயை மரியாதையாக ஒரு தட்டுத் தட்டினார். நல்வரவு வந்தது. அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

"அண்ணே!" அர்ஷத் உள்ளே ஓடினான். "இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? பிரஸ் எனி கீன்னு கேட்டுது. பிரஸ் பண்ணேன்."

"மொதல்லேர்ந்தேவா?"

"ஒவ்வொரு வாட்டியும்! நீதான் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் பூட்ட. நம்ம எடை புரோகிராமு ஒவ்வொரு லாரிக்கும் இதத்தான் கேக்கும் பாய். அமுத்தலன்னா அப்படியே நிக்கும். வருஷக்கணக்கா அமுத்திக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

"இது அது இல்ல அண்ணே. இதுல அமுத்தினா திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும்."

"அப்ப இன்னாத்துக்குக் கேக்குது?"

"கேக்கும். நாம ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு எடுத்துக்கினு அதுபாட்டுக்கு மேல போயிடும்."

பாக்கியராஜ் மீசையைத் தடவினார். "வாய் தொறக்கலன்னா சரின்னு அர்த்தமா? நல்லா கீதே நாயம்!"

அர்ஷத் தான் சொன்னதையே இன்னொரு தடவை காதில் வாங்கிக்கொண்டிருந்தான்.

நிக்காஹ் அன்று பெண்ணிடம் கேட்பார்கள். அவள் பேசாவிட்டால் வெட்கம் என்பார்கள். வெட்கம் என்றால் சம்மதம். ஜபீன் பேசாமல் இருக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அவள் சம்மதம் என்று சொன்னது ஆண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். ஹஸ்னாவின் குரலை அவன் கேட்டு எத்தனை நாளாயிற்று?

வெளியேறும் கீயை அழுத்தினான். பெட்டி மறுபடி கிளம்பியது. அந்த வரி வந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பாக்கியராஜ் இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டார். வரி மறைந்தது. டிஸ்க் மெல்ல உறுமியது. திரையில் நிறம் வந்தது, மூலையில் மீதி நிமிடக் கணக்கு வந்தது.

"மேல போய்ச்சி பாய்! போய்ச்சி!"

டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. ரிச்சி தெருவும் இல்லை. அர்ஷத் நின்றபடியே மாமியார் வீட்டு எண்ணை அழுத்தினான்.

"யாரு?" என்றாள் ஹஸ்னா.

"நான்தான் ஹஸ்னா."

"மச்சான்... அம்மா சமையக்காரர்கிட்ட பேசிக்கினு கீது. கூப்புடறேன்."

"வேணாம். உன்கிட்டதான். இதுல உனக்குச் சம்மதமா?"

பாப்பா எதையோ கரண்டியால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டாங்க மச்சான். பேசாம இருந்தேன்."

"நானும்தான்."

"இப்ப கேக்கறது யாரு? அவங்க கேக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. நான்தான் கேக்கறேன்."

"அப்ப வேணாம்." சட்டென்று வந்தது. பிறகு குரல் தாழ்ந்தது. "பாப்பாவ நான் பாத்துக்குவேன். அது வேற மச்சான். அக்கா எடத்துல என்னால... நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஊட்ல என்னிய உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க."

"சொல்ல மாட்டேன். மாமிகிட்ட குடு."

போன் கைமாறும் வரை திரையைப் பார்த்தான். மீதி நிமிடம் அசையாமல் நின்றது. கால் வாசலுக்கு இழுத்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லுங்க தம்பி, எங்க கீறீங்க?"

"மாமி, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

பாத்திரச் சத்தம் நின்றது. அவள் கையைக் காட்டி நிறுத்தியிருக்கவேண்டும்.

"இத்தினி நாளா சரின்னுதான இருந்தீங்க?"

"நான் சரின்னு சொல்லல."

"இல்லன்னும் சொல்லலியே தம்பி."

"தப்புதான். இப்ப சொல்றேன். எனக்கு வேணாம். ஹஸ்னாவ இதுல ஒரு வார்த்த கேக்காதீங்க. மாமா கேட்டா எம்மேல போடுங்க."

"ஊரக் கூப்ட்டு வச்சிட்டு இன்னா பேச்சு இது? அப்ப பாப்பா?"

"பாப்பா எங்கியும் போகாது மாமி. நான் வரத்தான் போறேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்த வேலைய முடிச்சிட்டு வந்து மாமா முன்னாடியே சொல்றேன். அவங்கள இருக்கச் சொல்லுங்க."

போனை மேசையில் வைத்தான். பாக்கியராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எதையும் கேட்காதவர் போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தடா ஓட்டுநர் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினார்.

"இன்னும் எவ்ளோ நேரம் நைனா?"

"இர்ரா, டாக்டரு உக்காந்துட்டாரு!" என்று கத்தினார் பாக்கியராஜ். பிறகு குரலை இறக்கி, "டீ சொல்லவா பாய்?" என்றார்.

"சொல்லுங்க."

திரையில் பட்டை ஒரு கட்டம் நகர்ந்தது. அர்ஷத்தின் முழங்கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. அடுத்த கட்டத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான்.