போயிட்டு வாங்க

பாடையைத் தூக்கும்போது ஒரு பெண்டாட்டி என்ன வேண்டுமானாலும் சொல்லி அழலாம். சாரதாமணி சொன்னதை மட்டும் சொல்லக் கூடாது.

ராயபுரத்து வீட்டு வாசலில் ரத்தினசாமியைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் அதே நிலைப்படியில் நின்று, சோற்றுத் தூக்குப்போசியை அவர் கையில் கொடுத்து, சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. யாரையும் கேட்காமல் தானாகத் திறந்துகொண்டது.

"போயிட்டு வாங்க."

ஒப்பாரி சட்டென்று நின்றது. பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "ஐயோ, அப்புடிச் சொல்லப்படாது கண்ணு!"

திருடனைப் பிடித்தால்கூட "ஏனுங்க, இப்படிப் பண்ணலாமுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்கிற ஊர். அந்த ஊரிலும் இழவு வீட்டில் மட்டும் மரியாதைக்கு விடுமுறை. வந்தவர்கள் "வாரனுங்க" என்று சொல்லிக்கொள்ளாமல் கம்மென்று எழுந்து நடையைக் கட்டிவிடுவார்கள். சொன்னால் இழவும் கூடவே திரும்பி வருமாம். துக்கம் கேட்க வந்தவர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், செத்தவரைப் பார்த்து வரச் சொன்னவளை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. பாடை தெருமுனை திரும்பிவிட்டது.

ரத்தினசாமி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எக்ஸ்போர்ட் ஆர்டர் குவிந்துகொண்டிருந்த தொண்ணூற்றொன்றாம் வருஷம், வெட்டு மேசை மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். காப்பிக்கொட்டையையும் அதே விரல்களால்தான் சோதிப்பார். கடையில் அரைத்து வைத்த தூளை வாங்குவது அவருக்கு, யாரோ மென்று வைத்ததை வாங்கித் தின்பது மாதிரி. பச்சைக் கொட்டையாகத்தான் வாங்குவார். பாதி பீபரி, பாதி பிளாண்டேஷன். வீட்டுக்கு வந்ததும் முறத்தில் பரப்பி, வண்டு துளைத்தது, உடைந்தது, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு மூலையில் குவிப்பார். சிக்கரி என்ற பேச்சையே அந்த வீட்டில் எடுக்க முடியாது.

வறுப்பதும் அரைப்பதும் சாரதாமணியின் பாடு. இரும்புச் சட்டியில் சிறு தீயில் வைத்துக் கை ஓயாமல் கிளற வேண்டும். கொட்டை படபடவென்று வெடித்து, நிறம் ஏறி, எண்ணெய் மினுங்கப் போகிற நேரம் பார்த்து இறக்கி, உடனே முறத்தில் கொட்டி ஆற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மனுஷன் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை முற்றத்தில் ஊற்றிவிடுவார். சரியாக இருந்தால் பேசாமல் குடித்துவிட்டு டம்ளரை டவராவில் கவிழ்த்து வைப்பார்.

கருமாதி முடிந்து ஒறம்பரைச் சனமெல்லாம் கிளம்பிப் போனபின், சாரதாமணி கம்பெனியிலிருந்து பனியன் மூட்டைகளை வாங்கி வந்து வீட்டிலேயே பிசிறு வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் மத்தியானம், டப்பாவில் மிச்சமிருந்த பச்சைக் கொட்டையை முறத்தில் கொட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் குடத்தோடு ஓடினாள். எட்டு வயசு மகள் மயிலாள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டில் யாருமில்லை.

திரும்பி வந்து பார்த்தால், முறத்தின் மூலையில் கறுத்த கொட்டையும் துளை விழுந்த கொட்டையும் தனியாகக் குவிந்து கிடந்தன.

பயந்திருக்க வேண்டும். அவள் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டாள், அதுதான் வம்பாகப் போயிற்று. அவசரமாக அடுப்பைப் பற்ற வைத்து வறுத்தாள், கை மிஷினில் அரைத்தாள், பில்டரில் தூளைப் போட்டு அழுத்தி வெந்நீர் ஊற்றினாள். டிகாஷன் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தலையை வாரிக்கொண்டாள். முருகன் காலண்டருக்குக் கீழே, அவர் உட்காரும் பலகைக்கு முன்னால் காப்பியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். வந்து பார்த்தபோது டம்ளர் கவிழ்ந்திருந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. பலகையைத் தொட்டால் ஆள் உட்கார்ந்து எழுந்த சூடு.

வாசலுக்கு வந்து வெறும் தெருவைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றாள். இந்தத் தடவை வாய் தவறி அல்ல, ஆசையாக.

அது தினப்படி ஆயிற்று. பூவாத்தாளிடம்கூடச் சொல்லவில்லை. "தனியாளுக்கு இத்தனை காப்பி எதுக்குங்கறேன்?" என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டபோது, சாரதாமணி புதுப்பெண் மாதிரி சிரித்து மழுப்பினாள்.

புரட்டாசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மயிலாள் நேராகப் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். பாலை நீட்டினால் புறங்கையால் தள்ளினாள். அப்பனுக்கு வைத்த காப்பியை எடுத்து, மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்தாள்.

"வறுவல் கொஞ்சம் மிஞ்சிருச்சு புள்ள."

குரல் மயிலாளுடையதுதான். ஆனால் எந்த மகள் அம்மாவைப் "புள்ள" என்று கூப்பிடுவாள்? அவளுடைய பிஞ்சு விரல்கள் பாவாடை ஓரத்தைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன. குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள். எழுந்து நிலைப்படி வரை நடந்தாள்.

"வரட்டுமா புள்ள?"

"போயிட்டு வாங்க" என்றது சாரதாமணியின் வாய்.

மயிலாள் அப்படியே சரிந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினால் அவளுக்கு எதுவும் நினைவில்லை. கால்கள் மட்டும் கிணற்றுக்கல் மாதிரி சில்லிட்டிருந்தன.

சாரதாமணி மறுநாள் காப்பி போடவில்லை. பலகையில் உட்கார்ந்திருந்த குழந்தை ஒன்றும் கேட்கவில்லை, அழவும் இல்லை. பொழுது சாய்ந்த பிறகும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்வை தாங்காமல் சாரதாமணி சட்டியை எடுத்தாள். குடித்தபின்தான் குழந்தை வாசலுக்கு வந்தது, கேட்டது, பதில் வாங்கிக்கொண்டு சரிந்தது. அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக்குக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் காலையில், காப்பி வேளைகூட இல்லை, மயிலாள் முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றாள். "மயிலு" என்று கூப்பிட்டாள் சாரதாமணி. திரும்பவில்லை. "கண்ணு, மயிலு!" அசையவில்லை. மெல்ல, "ஏனுங்க" என்றாள்.

குழந்தை திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் சாரதாமணிக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. வந்த பயம் ஒரேயடியாக வந்தது. புருஷன் போய்விட்டார், இப்போது மகளும் போய்க்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் கொஞ்சமாக, தினம் ஒரு டம்ளர் அளவு. வாசலில் நின்று அவர் கேட்கிறார், இவள் வரச் சொல்கிறாள், அவர் வருகிறார். கேடு வெளியிலிருந்து வரவில்லை. அவள்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

என்ன செய்வது என்று அன்று முழுக்க யோசித்தாள். மனுஷன் காப்பிக்குத்தானே வருகிறார்? அந்தக் காப்பி கெட்டுப்போனால்? வாய் சுளித்து முற்றத்தில் ஊற்றிவிட்டு, கோபித்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிடுவார். இந்த நினைப்பு அவளுக்குத் தெம்பாக இருந்தது. நேராகக் காப்பிக் கடைக்குப் போனாள்.

"சில்லுக் கொட்டை இருக்குதுங்களா? கறுத்தது, ஒடஞ்சது, எதுவானாலுஞ் செரி. பாதிக்குப் பாதி சிக்கரி போட்டு அரைச்சுக் குடுங்க."

கடைக்காரர் மயில்சாமி நிமிர்ந்து பார்த்தார். "மாஸ்டர் ஊட்டுக்குங்களா?"

"ஆமாங்க."

"அவரு இருந்திருந்தா என்னைய வெட்டிப் போட்டிருப்பாரு" என்று முனகிக்கொண்டே அவர் அரைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாரதாமணி அந்தத் தூளை மறுபடி சட்டியில் போட்டுப் புகைய விட்டாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் அதைக் காய்ச்சி, திரிந்த பாலை ஊற்றினாள். டம்ளரில் நின்றது காப்பி இல்லை, சாயப்பட்டறைத் தண்ணீர். அதைக் கொண்டுபோய்ப் பலகைக்கு முன்னால் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

மயிலாள் டம்ளரை எடுத்தாள். மோந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. ஒரு வாய் குடித்தாள்.

கொட்டுங்க, கொட்டிட்டுப் போங்க என்று சாரதாமணி மனசுக்குள் மன்றாடினாள்.

குழந்தை கொட்டவில்லை. சின்னத் தொண்டை ஏறி இறங்கியது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

"நல்லாருக்குது புள்ள."

உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வராத சொல். அதைக் கேட்பதற்காக எத்தனை சட்டி வறுத்திருப்பாள், எத்தனை நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். செத்த பிறகு, இந்தக் கேடுகெட்ட காப்பிக்குச் சொல்கிறார். அவர் காப்பிக்கு வரவேயில்லை. சாரதாமணிக்கு ஓடிப்போய் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு, போகாதீங்க என்று கதற வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டால் அது தன் மகளின் கால்.

குழந்தை எழுந்து நிலைப்படிக்கு நடந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பியது.

"வரட்டுமா புள்ள?"

சாரதாமணி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

குழந்தை காத்திருந்தது. பதில் வாங்காமல் படி இறங்கி அந்த மனுஷனுக்குப் பழக்கமில்லை. தெருவில் எங்கோ நிட்டிங் மிஷின் ஓடுகிற சத்தம். வாசலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"வரட்டுமா?"

நாக்கு துணியை முட்டியது. இரண்டு கையாலும் வாயை அழுத்திக்கொண்டாள்.

"நான் வரட்டுமா, சாரதா?"

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கண்ணீர் துணியை நனைத்துக்கொண்டு வாய்க்குள் இறங்கியது. அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. ஆட்டினால் அதையும் சரியென்று எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது. குழந்தை நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கண்ணில் கோபமில்லை. பழியுமில்லை. புரிந்துகொண்ட மாதிரி பார்வை மெல்லத் தாழ்ந்தது.

பிறகு மயிலாள் நிலைப்படியில் மடங்கி உட்கார்ந்து, குடித்ததையெல்லாம் கறுப்பாக வாந்தி எடுத்தாள். இருமினாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அம்மா."

சாரதாமணி அசையவில்லை.

"அம்மா, பசிக்குதும்மா. எதுக்கும்மா அழுவற?"

அப்புறம்தான் அவள் துணியை வாயிலிருந்து எடுத்தாள். மகளை இழுத்து மடியில் போட்டு, பாதங்களைத் தடவிப் பார்த்தாள். சூடாக இருந்தன.

"காப்பி கசந்து போச்சு கண்ணு" என்றாள். "வேறொண்ணுமில்ல."