நாலு மணி நோட்டீஸ்

ராஜாராம் அந்த நோட்டீஸைச் சரியாக நாலு மணிக்கு ஒட்டினார். மதுரைக் கல்லூரி ஒன்றில் பொருளாதார ஆசிரியர், இருபது வருட சர்வீஸ். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்றே முக்கால் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் ஒட்டினார்.

கனடாப் பல்கலைக்கழகம் ஒன்று திரை வழியாக நடத்தும் வகுப்பு. எல்லா மாணவர்களும் சேரலாம். பெயர் கொடுக்கக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி.

'எல்லா மாணவர்களும்' என்று எழுதச் சொன்னது முதல்வர். ஐந்து மணி மட்டும் ராஜாராமின் சொந்தச் சரக்கு. கேமரா முன்னால் எவராவது இங்கிலீஷில் திணறினால் மானம் போய்விடும் என்று பயம். யாருடைய மானம்? இவருடையதுதான். வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவர், இங்கிலீஷுக்குப் பயந்து கல்லூரியில் ஒரு வருடம் கடைசி பெஞ்சில் ஒளிந்தவர். அதெல்லாம் வசதியாக மறந்துபோயிற்று.

மறுநாள் திவ்யா வந்து நின்றாள். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம்.

"சார், நோட்டீஸ இப்பத்தான் பாத்தேன். எம் பேரையும் சேத்துக்கங்க சார்."

"லிஸ்ட் முடிஞ்சு போச்சும்மா."

"பின்னாடி ஓரமா நின்னு கேட்டுக்கிறேன் சார்."

"எல்லாம் இங்கிலீஷ்ல நடக்கும். உனக்கு ஒண்ணும் வெளங்காது. போம்மா."

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு வகுப்பு. இருபது நாற்காலியில் ஒன்பதில்தான் ஆள் இருந்தது. கிராமத்துச் சந்தையில் விலை வைப்பது யார் என்று திரையில் இருந்த அம்மாள் கேட்டார். ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலி நாற்காலிகளைக் கவனித்த அந்த அம்மாள், சேர விரும்பியவர்கள் இன்னும் யாராவது வர வேண்டுமா என்றார்.

"நோ மேடம். எவ்ரிபடி இஸ் ஹியர்," என்றார் ராஜாராம்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே திவ்யா. பஸ்ஸை விட்டுவிட்டு, தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று ஒரு வார்த்தை போதும். கூப்பிட்டால் இப்போது சொன்ன பொய் எல்லார் முன்னாலும் உடைந்துவிடும். ராஜாராம் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வகுப்பு முடியும் வரை அந்த ஜன்னல் பக்கம் பார்க்கவும் வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தபோது அவள் அங்கேயே நின்றாள். ஏதாவது பேசியாக வேண்டுமே.

"அந்தம்மா பேசுனது வேகம். உனக்குப் புரிஞ்சிருக்காதும்மா."

"ஆமா சார், பாதி புரியல," என்றாள் திவ்யா. "நீங்க சொன்னது புரிஞ்சுச்சு."