மேல்வீட்டுக் குழாய்

பவளராணி கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறிப் போனாள். இரண்டு கையிலும் கடைப்பைகள் வேறு. கீழ்வீட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்த எனக்கு வயிறு எரிந்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணியில் கடைக்குப் போய் வருவதற்குள் நாங்கள் இருவருமே களைத்துப் போவோம். டென்மார்க்கில், பிராண்டே நகருக்கு வெளியே இந்தக் கிராமத்தில் தமிழர் என்றால் எங்கள் இரண்டு குடும்பமும்தான். இருவருக்கும் பிரஷர், இருவருக்கும் நித்திரை இல்லை. டொக்டர் ஒரே குளிசையை எழுதிக் கொடுத்து, செவ்வாய்தோறும் பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்களுக்கு நடக்கும் ஜிம்னாஸ்டிக்குக்குப் போகச் சொன்னார். டெனிஷ் கிழவிகளோடு நின்று குதிக்கவா என்று நான் சிரித்தேன். அவள் போனாள். மாசியில் அவளுக்குக் குளிசையை நிறுத்திவிட்டார். எனக்கு இரண்டாக்கினார். எனக்கு வரவேண்டிய சுகத்தை அவள் எடுத்துக்கொண்டதாகவே பட்டது.

அவள் கணவன் குலேந்திரனை வாசலில் மறித்தேன்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. அங்க விளையாடி முடிய எல்லாப் பொம்பிளையளும் உடுப்பில்லாமல் ஒண்டாக் குளிக்கிறவையாம்."

அது பொய்யில்லை. ஆனால் பவளராணி அங்கே குளிப்பதில்லை. வியர்வைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து வீட்டில்தான் குளிப்பாள். செவ்வாய் எட்டு மணிக்கு மேல்வீட்டுக் குழாய் என் சுவருக்குள் இரையும். அதை நான் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய் அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. சித்திரையில் கைப்பிடியைப் பிடித்து, பாதிப் படியில் நின்று நின்று ஏறினாள். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய் பின்னேரம் தன் விளையாட்டுச் சப்பாத்தோடு இறங்கி வந்தாள்.

"ஆரோ இவருக்கு என்னவோ சொல்லிப்போட்டினம் அக்கா. நான் சொல்லிறதைக் கேக்கிறாரில்லை. டொக்டர் திரும்பக் குளிசை தந்திட்டார்."

"ஆர் சொன்னதாம்?"

"பேர் சொல்லமாட்டாராம்." சப்பாத்தை என் மடியில் வைத்தாள். "உங்களுக்கும் என்ர அளவுதானே. நீங்களாவது போங்கோ அக்கா. நல்லா நித்திரை வரும்."

அவள் போனபின் போட்டுப் பார்த்தேன். அளவாகவே இருந்தது. கழற்றாமல் கட்டிலில் இருந்தேன். எட்டு மணியானது. குழாய் இரையவில்லை. தலைக்கு மேலே வெறுங்கால் மெதுவாகக் குதிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு குலேந்திரனின் குரல். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.