நாற்பத்தோராவது ஜாடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. இரண்டே சொல். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலையைப் பார்த்தபடி கம்பீரமாக எழுந்து நிற்கும் அந்தக்..."

அடச்சீ. கம்பீரமாம். துண்டறிக்கை எழுதி எழுதிக் கை கெட்டுப்போயிருக்கிறது.

2

சரி, வரலாறு. மில் முதலாளி வெங்கடபதி மிஷின் வாங்கச் சீமைக்குப் போனார். அங்கே பார்த்த கோட்டையைப் போலவே நான்கு கோபுரங்களோடு இங்கே வீடு கட்டினார். ஊர் அதைக் கோட்டையூடு என்றது. வினோதமாக எது கண்ணில் பட்டாலும் விடமாட்டார். இரண்டு தலைக் கன்றுக்குட்டி, நெருப்புக்கோழி முட்டை, பின்னோக்கி ஓடும் கடிகாரம். மில் மூடிய பிறகு பேரன் ரோஹன் கோட்டையை அருங்காட்சியகம் ஆக்கினார். பொருள்களுக்கு விவரச் சீட்டு எழுத என்னை வைத்துக்கொண்டார்.

நாற்பத்தோராவது பொருள், ஸ்பிரிட் ஜாடியில் ஒரு மனிதனின் கைக் கட்டை விரல். பெரியவர் தன் நோட்டில் தானே எழுதியிருந்தார்: 'காளிச்சாமி, கார்டிங் மிஷின், 1962.'

"பேரெல்லாம் வேண்டாங்க சார். நாளைக்கு எவனாச்சும் வந்து நிப்பான்" என்றார் ரோஹன்.

'கொடுத்தவர்*: பெயர் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

(தயங்கினேன் என்று இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். தயங்கவில்லை.)

* இந்தச் சொல்லும் என் கைங்கரியம்தான். பஞ்சைச் சீவும் மிஷின் பிடுங்கியதைக் கொடுத்ததாக எழுதினேன்.

3

வந்து நின்றது காளிச்சாமியின் மகள் ராசாத்தாள். அறுபது வயதிருக்கும். சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"ஏனுங்க, அப்பா காத்தால போயிட்டாருங்க. கட்டை வெரலு ரெண்டையும் சேத்துக் கட்டோணுமில்லீங்களா? ஒண்ணுதானுங்க இருக்குது. இன்னொண்ணைப் பெரிய மொதலாளி பாட்டில்ல போட்டு வெச்சிருக்கறாருன்னு அப்பா சொல்லீட்டேதானுங்க இருப்பாரு. குடுத்தீங்கன்னா முழுசா அனுப்பிச்சுப்போடுவோமுங்க. நாலு மணிக்கு எடுக்கறாங்க."

ரோஹன் சீட்டைக் காட்டினார். "பேரு தெரியலைன்னு போட்டிருக்குதுங்களேம்மா. உங்கப்பாவுதுன்னு எப்படீங்க நம்பிக் குடுக்கறது?"

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க."

நான்...

(இந்த வாக்கியத்தைப் பதினேழு முறை எழுதினேன். ஒன்றில் கத்துகிறேன். ஒன்றில் ஜாடியோடு ஓடுகிறேன். ஒன்றில் ரோஹன் மனம் மாறி அழுகிறார். அதைப் படித்து எனக்கே சிரிப்பு வந்தது.)

நான் சொன்னது: "ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுங்கம்மா, பாக்கலாம்."

4

கடைசியில் ராசாத்தாள் உன்னை மன்னித்துவிடட்டும், கதை நன்றாக முடியும் என்கிறான் ஒரு நண்பன். மன்னிக்க வேண்டுமாம்! எதற்கு மன்னிக்க வேண்டும்?

அன்றைக்கே மூன்று மணிக்கு இழவு வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அந்தம்மா மஞ்சளைப் பிசைந்து, பிள்ளையார் பிடிப்பதுபோல ஒரு விரல் பிடித்து அப்பாவின் கையில் ஒட்டிக்கொண்டிருந்தார். துணியால் சுற்றிக் கட்டியதும் உடைந்தது. மறுபடி பிடித்தார். மறுபடியும் உடைந்தது. கடைசியில் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டினார்கள்.

என்னைப் பார்த்ததும் மஞ்சள் கையோடு எழுந்து வந்தார்.

"அந்த லெட்டரு யாருக்குங்க சார் எழுதோணும்?"

5

முடிவு எழுதப்போவதில்லை. எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. சீட்டை மாற்ற ஒரு நிமிடம் போதும். நானோ மாதக்கணக்காகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

லீவு நாளில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் அங்கே போவீர்கள். கன்றுக்குட்டிக்கு அடுத்த பெட்டி. குழந்தை கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "இது யாருதுப்பா?" என்று கேட்கும். ரோஹன் பக்கத்திலேயே நிற்பார். சீட்டில் நான் எழுதியதுதான் இருக்கும்.

உங்களுக்குப் பெயர் தெரியும்.