குட்டியைத் துரத்தும் பக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கரடியை அறிமுகம் செய்யும் சின்னப் புத்தகமாகப் பிறந்தது. எழுத்து நான், படம் என் மகள். வீட்டில் அவளை வாலு என்போம். (வயது இருபத்து நாலு. பெயர் மட்டும் மாறவில்லை.)

முதல் வரி: 'கரடி ஒரு பாலூட்டி.' சே, எனக்கே தூக்கம் வருகிறது. அடுத்தது: 'கரடியின் மூக்கு இருக்கிறதே, அப்பப்பா!' இதை வைத்துக்கொண்டேன்.

2

படிக்கப் படிக்கக் கரடி மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. பனிக்காலத்தில் சோறு தண்ணி இல்லாமல் குகைக்குள் படுத்தபடியே பிள்ளை பெறுகிறாள், மகராசி!* பிறந்த குட்டி இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், கண்கூடத் திறந்திருக்காது. அந்தப் பட்டினியிலும் பால் கொடுக்கிறாள். எனக்கு ஒருவேளை தேநீர் தள்ளிப்போனாலே வீடு ரெண்டுபடும்.

(* எல்லாக் கரடியும் இப்படி இல்லை. வெயில் ஊர்க் கரடிகளுக்குப் பனித்தூக்கமே கிடையாது.)

3

ஏழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். 'குட்டி எப்போதும் அம்மாவுடனே இருக்—'

"அம்மா, இது பொய்" என்றாள் வாலு, வரைவதை நிறுத்தாமல். "ரெண்டு மூணு வருஷத்துல அம்மாக் கரடியே குட்டியைத் துரத்தி விட்டுடும். நீதானே படிச்சுக் காட்டினே?"

"சின்னப் பிள்ளைங்க படிச்சா அழுதுடும்டி."

"எந்தச் சின்னப் பிள்ளை?"

வாயாடி.

[இந்த அம்மா பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். ஒருத்தி இவ்வளவு அல்பமாகவா இருப்பாள்? இருப்பாள். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.]

விஷயம் இதுதான். தூர ஊரில் கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அப்பா காலமானதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் 'போகாதே' என்று சொல்லவில்லை. 'உன் இஷ்டம்மா' என்று பெருமூச்சு விட்டேன். அவளுக்கா புரியாது?

4

ஏழாம் பக்கத்துக்கான படத்தை நீட்டினாள். தாய்க்கரடி பின்னங்காலில் நிமிர்ந்து உறுமுகிறாள், குட்டி திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறது. என்னமாய் வரைந்திருக்கிறாள்! அந்த ரோமம், அந்த நகம், அந்தத் தோள்! இந்தக் கையையா வீட்டுக்குள் அடைத்து வைக்கப் பார்த்தேன்?

அவள் போனை எடுத்தாள். "வர முடியலைன்னு எழுதிட்டேன்மா. அனுப்பிடவா?"

முடிவு ஒன்று: அனுப்புகிறாள். நான் அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன். (தித்தித்துக் குமட்டுகிறது.)

முடிவு இரண்டு: நான் விம்மி விம்மி, அவள் ஓடி வந்து— வேண்டாம்.

நடந்தது: நாற்காலி சாய எழுந்து, "அனுப்பினே, காலை ஒடிச்சிடுவேன்! வரேன்னு எழுதுடி கழுதை! கிளம்பு!" என்று கத்தினேன்.

மிரண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதியதை அழித்துவிட்டு, வருவதாக எழுதி அனுப்பினாள்.

5

ஏழாம் பக்கத்தில் இப்போது உண்மை இருக்கிறது: 'வளர்ந்த குட்டியை அம்மா உறுமித் துரத்துவாள். குட்டி தன் காட்டைத் தேடிப் போகும்.'

கடைசிப் பக்கம் பயிற்சி. ஒரே கேள்விதான். விடை நான் புரட்டிய புத்தகம் எதிலும் இல்லை, என்னிடமும் இல்லை. உள்ளே வாலு பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்கிறது. தயவுசெய்து நீங்களே எழுதிவிடுங்கள்.

குட்டி போன பிறகு அம்மாக் கரடி என்ன செய்வாள்? இரண்டு வரிகளில் எழுதுக.

……………………………………

……………………………………