நான் ருசி பார்த்த இறால் வடை

1

வாசகப் பெருமக்களே, ஓர் அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள்! பினாங் தீவின் ஜார்ஜ் டவுனில், புதுப்பித்த பழைய கடைவீடொன்றில், மதுக்கிண்ணங்கள் மின்னிய வெள்ளிக்கிழமை மாலையில், உழைக்கும் பெண்ணொருத்தியின் நற்பெயர்…

(நிறுத்துகிறேன். இது மேடைக்குரல். குற்றவாளியைச் சொல்லாமல் முழங்குகிறது. இக்கதையை நான் எழுதத் தொடங்கியதே அவனை மறைக்கத்தான்.)

2

மீண்டும் தொடங்குகிறேன். விருந்தளித்தவர் நடாஷா. மதுவோடு கொறிக்க இறால் வடை சுட வந்தவர் சுங்கை பினாங் சவுந்தரம் அக்கா. விருந்தினருள் ஒருவன் நான்.

நாற்பதாண்டுகளுக்கு முன், தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்ததும், கோயில் முற்றத்தில் அக்கா பிஸ்கட் தகரத்தைத் திறப்பார். வடைமேல் தோலோடு பதித்த இறால், கடித்தால் நொறுங்கும். இறைச்சி விலக்கிய நாளில் அதுவே எங்கள் திருவிழா.

3

அன்றும் தவக்கால வெள்ளி. அடுப்படியிலிருந்து அக்கா அழைத்தார்.

“தம்பி, இன்னிக்கு ஒருசந்தி. நான் வாயில வைக்கக் கூடாது. உப்பு பாத்துச் சொல்லுங்க.”

கடித்தேன். முற்றம் முழுதாகத் திரும்பி வந்தது.

“அதே ருசிக்கா!”

“ருசிய யாரு கேட்டா லா? உப்பு!”

“எல்லாம் சரியா இருக்கு. சுடுங்க.”

(உப்பே இல்லை. என் நினைவு போட்ட உப்பை என் நாக்கு நம்பிவிட்டது.)

4

கூடத்தில் ஒருவர் முகம் சுளித்தார். “சப்புன்னு இருக்கே!”

நடாஷா சிரித்தார். “சாரி லா. அந்த ஆன்ட்டிக்கு வயசாயிடுச்சு. அடுத்த பார்ட்டிக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்.”

இவ்விடத்தில் இரண்டு முடிவுகளை எழுதி அடித்தேன். ஒன்றில் நான் நாற்காலிமேல் ஏறி… மற்றதில் அக்காவே கரண்டியோடு வெளிவந்து…

நடந்தது வேறு. முப்பதாண்டுகள் மேடைகளில் உழைப்பாளர் மானத்துக்காக முழங்கிய வாய், மூடியே இருந்தது.

பின்வாசலில் அக்கா கேட்டார். “ஏன் தம்பி, தட்டெல்லாம் அப்படியே திரும்பி வருது?”

“வயிறு ரொம்பித்தான் வந்திருப்பாங்கக்கா.”

5

முடிவு என்னிடம் இல்லை. உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் நடாஷா வீட்டில் அடுத்த விருந்து. அதற்குள் உண்மை அவர் காதுக்குச் சென்றாக வேண்டும். நானோ எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.

ஆகவே, எந்த மேடையில் என்னைக் கண்டாலும், நான் ‘தோழர்களே’ என்று தொடங்குமுன் எழுந்து கேளுங்கள்: “நடாஷாவிடம் சொன்னாயா?” இல்லையென்றால் ஒலிபெருக்கியைப் பறியுங்கள். என்னைப் பேச விடாதீர்கள்!