நாய்க்கு அடுத்த பெயர்

ரொவீனா அஞ்சலித் தாளைப் பிரித்துத் தன் பெயரைத் தேடினாள். முன்பக்கத்தில் டெல்பர்ட்டின் படம். அதன் கீழே ‘மாவட்டத்தின் எண்ணற்ற இல்லங்களுக்குக் கதகதப்பைச் சுமந்து சென்ற பெருந்தகை’ என்று ஒரு வரி. வீடுகளைச் சூடாக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன் டெல்பர்ட். நிலவறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அந்த இயந்திரத்தைச் செய்தவனின் பரம்பரையையே திட்டியபடி வேலை செய்வான். பெருந்தகை சொந்த வீட்டு இயந்திரத்தை மூன்று குளிர்காலமாகத் தொடவில்லை.

உள்பக்கத்தில் உறவினர் பட்டியல். அக்காள் மார்லீன், அவள் கணவர், பிள்ளைகள் மூவர். கடைசி வரி: ‘செல்ல நாய் பிஸ்கட் மற்றும் நெருங்கிய தோழி ரொவீனா.’

அவள் அழவில்லை. மணி ஒன்பதேகால் ஆகியிருந்தது. ஒரு மணிக்கு உடற்கூறியல் இறுதித் தேர்வு.

ஐம்பத்து நான்கு வயது அவளுக்கு. முதியோர் இல்லத்தில் இருபது வருஷமாகப் பிறரைத் தூக்கிப் புரட்டித் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தவள், நர்ஸ் ஆகிறேன் என்று போன வருஷம் ஊர்க் கல்லூரியில் சேர்ந்தாள். ஊர் எல்லையில் மூடிக் கிடந்த பேரங்காடிதான் இப்போது கல்லூரி. இறைச்சி வெட்டி விற்ற மூலையில் உடற்கூறியல் வகுப்பு நடந்தது. எழுபத்தைந்து மதிப்பெண் வாங்கினால் நர்ஸ் படிப்பில் இடம் உண்டு. ஒன்று குறைந்தாலும் இடம் அடுத்தவருக்குப் போகும். மறுபடி வரிசையில் நின்றால் இரண்டு வருஷம்.

திங்கட்கிழமை டெல்பர்ட் வாசலில் பனி அள்ளும்போது மண்வெட்டியோடு விழுந்தான். அன்று மூடிய புத்தகம்தான். மனப்பாடமாக இருந்த இருநூற்றாறு எலும்புகளும் எங்கே போயினவோ, மணிக்கட்டுவரை வந்தால் அதற்குமேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் சாவு என்றால் ஜனவரியில் மறுதேர்வு தருவார்கள். ஆனால் செத்தவர் கல்லூரி அங்கீகரித்த உறவாக இருக்கவேண்டும்: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், தாத்தா, பாட்டி. உறவுமுறை அச்சாகியிருக்கும் அஞ்சலித் தாளைத் தேர்வு தொடங்குமுன் கொடுக்கவேண்டும். “நெருங்கிய தோழின்னா கம்ப்யூட்டர் எடுக்காது கண்ணு” என்று அலுவலகத்து பெவ் நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

பதினேழு வருஷம் ஒரே வீடு. ‘கல்யாணத்தை வர்ற வசந்தத்துல பண்ணிக்கலாம்’ என்பான் டெல்பர்ட். பதினேழு வசந்தமும் வந்துதான் போயின.

மார்லீன் சவப்பெட்டியருகே பூக்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். தேவாலயச் செய்தித்தாளின் ஆசிரியர் அவள்; ஊரில் யார் செத்தாலும் நாலு வரி அவள் கைப்பட இருக்கும்.

“மார்லீன், இதுல மனைவின்னு மாத்த முடியுமா?”

“நடக்காத கல்யாணத்தை நான் எப்படி அச்சடிக்கிறது? ஆண்டவர் வீட்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?”

“இது ஆண்டவர் வீடு இல்ல. ஹாஸ்கெல்லோட சவ அடக்கக் கூடம்.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

“அப்ப பெருந்தகைன்னு மட்டும் எப்படிப் போட்டீங்க?”

“அது மரியாதை.”

“என்னை நாய்க்குப் பின்னால போட்டிருக்கீங்களே?”

“அகர வரிசைப்படி போட்டேன்” என்றாள் மார்லீன். பிறகு சந்தேகம் தட்டியவளாய், “எதுக்கு இப்ப இது?”

“காலேஜ்ல கேக்கறாங்க.”

“காலேஜா! என் தம்பி பெட்டியில கெடக்கான், உனக்குப் பரீட்சை கேக்குதா? இந்த வயசுல படிச்சு எந்த நாட்டை ஆளப் போறே?”

ரொவீனா தாளை மடித்தாள். மடிப்பு கோணலாக விழுந்தது.

ஹாஸ்கெல் ஓசைப்படாமல் வந்து அவள் முழங்கையைத் தொட்டார். அவருடைய அட்டையில் ‘இறுதிப் பயண ஆலோசகர்’ என்று இருக்கும். அதற்கேற்ற குரலும் வைத்திருந்தார். அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அந்தக் குரலைக் கழற்றிவிட்டார்.

“போன கிறிஸ்மஸ் அன்னிக்கு இங்க சூடு நின்னுபோச்சும்மா. கூடம் நெறைய ஆளுங்க. டெல்பர்ட்டைத்தான் கூப்பிட்டேன். என்னைத் திட்டிக்கிட்டே வந்தான், திட்டிக்கிட்டே சரி பண்ணான், போறப்பவும் திட்டிட்டுத்தான் போனான்.” கணினியில் எதையோ தட்டினார். “ஒரே ஒரு தாள்தான். மார்லீனுக்குத் தெரிஞ்சா அடுத்த சாவு என்னோடதுதான்.”

தாள் சூடாக வெளியே வந்தது. ‘மனைவி ரொவீனா’ என்று முதல் வரியில். அக்காளுக்கும் மேலே. ஹாஸ்கெல் அவள் கண்ணெதிரிலேயே அந்தக் கோப்பை அழித்தார்.

பிரார்த்தனை முக்கால் மணி நேரம் நீண்டது. போதகர் டெல்பர்ட்டின் பொறுமையைப் புகழ்ந்தபோது பின்வரிசையில் யாரோ இருமினார்கள். கல்லறையில் பனி முழங்காலுக்கு இருந்தது. பெட்டி இறங்கும்போது ரொவீனா கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததை மார்லீன் பார்த்தாள். எல்லோரும் தேவாலயத்துக்குப் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிடப் போனார்கள். ரொவீனா காரை மறுபக்கம் திருப்பினாள்.

கல்லூரி அலுவலகத்தில் பன்னிரண்டரைக்கே வரிசை நின்றது. அவள் முறை வந்தபோது ஒரு மணியாகப் பத்து நிமிஷம் இருந்தது. பெவ் தாளை வாங்கிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

“மனைவின்னு இருக்கு. நேத்து போன்ல வேற என்னமோ சொன்னியே?”

ரொவீனா கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

“சரி விடு. அச்சுல வந்தா எங்களுக்கு அதான் உண்மை.” முத்திரைக் கட்டையை மையில் ஒற்றினாள். காலடியில் ஒரு பெட்டி நிறையத் தாள்கள். “இந்தப் பருவத்துல மட்டும் நாப்பத்தோரு பாட்டி போயிட்டாங்க கண்ணு. ஒருத்தனுக்கு மட்டுமே நாலு பாட்டி. இந்த ஊர்ல பாட்டியா இருக்கறதே ஆபத்து.”

“இதைத் திருப்பித் தருவீங்களா?”

“தர மாட்டோம். ஏழு வருஷம் பெட்டியில கெடக்கும். அப்புறம் கிழிக்கிற மிஷின். வேணும்னா போட்டோ எடுத்துக்கயேன்.”

ரொவீனா கைப்பேசியை எடுத்தாள். திரையில் அந்தத் தாள் சின்னதாக, கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. முத்திரைக் கட்டை சரியாக அந்த முதல் வரிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அவள் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, தாளைக் கவுன்டரிலிருந்து தன் பக்கம் இழுத்தாள்.

“என்ன பண்றே?”

“நான் பரீட்சையை இன்னிக்கே எழுதிடறேன்.”

“எழுதினா எழுதினதுதான். தோத்தா அப்புறம் இதைக் கொண்டாந்து நீட்டினாலும் ஒண்ணும் நடக்காது.”

“தெரியும்.”

“படிச்சிருக்கியா?”

“இல்ல.”

பெவ் முத்திரைக் கட்டையை மைப்பெட்டியிலேயே வைத்தாள். “ஓடு. கதவைப் பூட்டிடுவான் அந்த மனுஷன்.”

அந்த மனுஷன், உடற்கூறியல் ஆசிரியர் டாக்டர் ப்ரூயிட். மண்புழுவின் குடலை ஒன்பது வருஷம் ஆராய்ந்து வாங்கிய பட்டம். பெயருக்கு முன்னால் அது இல்லாமல் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இருபத்து மூன்று பக்க விதிமுறை எழுதி வைத்திருந்தார். தண்ணீர்ப் புட்டியின் மூடி எப்படி இருக்கவேண்டும் என்பதுவரை அதில் உண்டு.

“மேஜையில பென்சில் தவிர எதுவும் இருக்கக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே வரிசைகளுக்கிடையே வந்தவர் ரொவீனாவிடம் நின்றார். அவள் பையை வாசலிலேயே வைத்துவிட்டாள். தாள் மட்டும் கையில் இருந்தது. கறுப்பு உடையின் ஓரத்திலிருந்து பனி உருகித் தரையில் சொட்டியது.

“கையில என்ன?”

நீட்டினாள். அவர் முன்பக்கம் பார்த்தார். திருப்பி உள்பக்கம் பார்த்தார். பக்கத்து இருக்கைப் பெண், பத்தொன்பது வயதிருக்கும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள்.

“இதை ஆபீஸ்ல குடுத்திருந்தா இன்னிக்கு நீங்க எழுத வேண்டியதில்லையே” என்றார், குரலைத் தாழ்த்தி.

“தெரியும், டாக்டர்.”

“இன்னிக்கா அடக்கம்?”

“இப்பதான் முடிஞ்சது.”

இருபத்து மூன்று பக்கத்திலும் இதற்கு ஒரு வரி இல்லை. அவர் வினாத்தாளை அவள் முன்னால் வைத்துவிட்டு, அஞ்சலித் தாளோடு தன் மேஜைக்குத் திரும்பி, அதைப் பதிவேடுகளுக்கும் விடைத்தாள் கட்டுகளுக்கும் நடுவே இருந்த ஒரே காலியிடத்தில் விரித்து வைத்தார்.

மணி ஒன்று. முதல் கேள்வி மணிக்கட்டைப் பற்றியதல்ல. ரொவீனா இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதையும் படித்தாள். நான்காவதில் ஏதோ ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது. எழுதத் தொடங்கினாள்.

ஒருமுறை நிமிர்ந்தபோது டாக்டர் ப்ரூயிட் காப்பியை உறிஞ்சிவிட்டு, பழக்கத்தில் கோப்பையை மேஜையில் வைக்கப் போனார். அஞ்சலித் தாளுக்கு மேலே பாதியில் நிறுத்தினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு ஆறிப்போன அந்தக் கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தார்.